மூலைக்கு மூலை பத்தொன்பது

பதினான்கு திரைகள் வாங்க வேண்டும்.
மாதிரிக்கு இரண்டை
ஆளுக்கொன்றாய்ச் சுமந்து வந்தார்கள் பையன்கள்.
புந்தா அரேனாஸில் காற்று அடிக்கும் நாள்.
தெருவோரம் கட்டிய கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி
அகலப் பெட்டிக்காரன் சொன்னான்:
"பாய்மரம் தூக்கிவந்த மாதிரி இருக்கு, செஞோரா."

இரண்டு அட்டையிலும் ஒரே எண்: பத்தொன்பது அங்குலம்.
ஒன்று அகலம்.
மற்றது சதுரத்துக்கு நெருங்கிய சொந்தம்.
எவாரிஸ்தோ ஐயா உள்ளறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்:
"அகலத்தையே போடு. மலிவு. பெரிசும் அதுதானே?"

தையல் நாடாவை எடுத்தேன்.
மூலைக்கு மூலை இரண்டும் சமம்தான்.
குறுக்கே, அகலத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கூடுதல்.
நெடுக்கே நான்கரை குறைவு.
பெருக்கினேன். நம்பாமல் மறுபடி பெருக்கினேன்.
பெரியது என்று பெயர் வாங்கியது
ஓர் உள்ளங்கை அளவு சிறியது.
சாய்வாக அளக்கச் சொல்லிக்கொடுத்தவன்
எங்கோ நன்றாகத் தூங்குகிறான்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள்.
பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன்.
ஆழம் இரண்டுக்கும் இரண்டே விரல்.

சரி, உட்கார்ந்து பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

ரடோமிர் கணக்கு:
கம்பளி மூட்டை, நண்டுப் பெட்டி, உறைந்த ஆட்டிறைச்சி,
எல்லாம் பத்தி பத்தியாகக் குறுக்கே ஓடுகிறவை.
மூட்டை எண்ணில் தொடங்கிக் கப்பல் பெயர்வரை
ஒரே மூச்சில் வாசித்துவிட்டுச் சீட்டியடித்தான்.
"இனி என் சுட்டுவிரலுக்கு ஓய்வு."

ஓவிதியோ திறந்தது சுங்க அறிக்கைக்கான பழைய நிரல்.
சதுரத்துக்குத் தைத்த சட்டை அது;
அகலத்தில் இழுத்துப் போட்டதும்
வட்ட முத்திரை முட்டையாகிவிட்டது.
"கோழி வாங்கித் தருவீர்களா, அடைகாக்க?" என்றான்.

வரவேற்பு நியேவெஸ் படத்தைப் பார்க்கவே இல்லை.
சட்டத்தின் ஓரத்தைத் தடவி,
மஞ்சள் சீட்டு ஒட்ட எதில் இடம் அதிகம்
என்று மட்டும் கேட்டாள்.

யெர்கா ஒப்பந்தங்கள் தட்டுகிறவள்.
எங்கள் வழக்கறிஞர்கள் நீட்டி முழக்குகிறவர்கள்;
அவர்கள் தாளும் ஒஃபிசியோ, சாதாரணத் தாளைவிட நீளம்.
அகலத்தில் பக்கம் இடுப்போடு நின்றது.
இருபுறமும் வேலியில்லாத பனிவெளி,
ஓர் ஆடுகூட இல்லை.
கையெழுத்துப் போடும் கோட்டைத் தேடி
உருட்டினாள், உருட்டினாள்.

சாந்தியாகோவுக்குப் போன் போட்டேன்.
"சதுரமா? இந்தக் குளிர்காலத்தோடு சரி.
கிடங்கில் ஐந்து இருக்கிறது,
அதுவும் யாராவது கேட்டால் போய்விடும்."
நான் இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தபோது
வேறெங்கோ தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள்.

திரும்பி வந்து பார்த்தால்
யெர்கா அகலத் திரையைத் தாங்கியிலிருந்து கழற்றி,
நெட்டுக்குத்தலாக நிறுத்தி,
இருபுறமும் தீர்வை விகிதப் புத்தகங்களை முட்டுக் கொடுத்திருந்தாள்.
எழுத்தையும் திருப்பிவிட்டாள், எப்படியோ.
தலைப்பு முதல் கையெழுத்துக் கோடுவரை
ஒப்பந்தம் முழுதாக எழுந்து நின்றது.
நாங்கள் கைதட்டினோம்.

ரடோமிர் தட்டவில்லை.
எதிர் மேசை அவனுடையது.
பதினொரு வருடமாக, மதியம் ஒரு மணிக்கு,
பழைய திரைக்கு மேலாக
அவள் ஒரு புருவத்தை உயர்த்துவாள்.
மீன் சூப்பா, ரொட்டியா,
அவன் புருவம் பதில் சொல்லும்.
இப்போது அங்கே நிற்பது ஒரு திரையின் முதுகு.
அவன் எதுவும் சொல்லாமல்
நாற்காலியை இரண்டு பல் உயர்த்திக்கொண்டான்.
போதவில்லை. இன்னொரு பல்.

சதுரம் ஐந்து, அகலம் ஒன்பது என்று நிரப்பினேன்.
யெர்காவின் பெயருக்கு நேரே சதுரம்.
அவள் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.
படிவத்தில் காரணம் என்ற பத்தி
ஒரு விரல் அகலம்தான்.
விலை என்று எழுதினேன்.
அதுதான் பொய், எவாரிஸ்தோ ஐயா,
சதுரம் நாலாயிரம் பெசோ அதிகம்.